டம்ளருக்குள் கரைந்த பாறை

ஹைதராபாத்தில் எங்கள் கட்டுமான வேலையிடத்தில் மண் பரிசோதிக்கும் உதவியாளர் அவர். மல்காஜ்கிரி ரயில்வே குடும்பத்துத் தமிழர். ஒல்லியான உடம்பு, நகக்கண்ணில் எப்போதும் செம்மண். வெட்டுகிற இடத்தில் ஒரு கட்டியைப் பெயர்த்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு, அதன் எதிரே உட்கார்ந்துவிடுவார்.

ஊழியர் குடியிருப்புக்காக அல்வால் பக்கம் ஒரு குன்றை வெட்டினோம். கோடையில் அடித்த கடப்பாரை எகிறியது. பாறை என்று எழுதி, செங்குத்தாக வெட்டலாம் என்று இன்ஜினியரான நான்தான் கையெழுத்துப் போட்டேன். வெட்டுக்கு அடியில் நிழல் விழுந்ததால் கூலியாட்கள் அங்கேயே குடிசை போட்டுக்கொண்டார்கள்.

அவர் டம்ளரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கட்டி கரைந்து சேறாகியிருந்தது.

“செங்குத்தா நக்கோ சார், வேணாம். காஞ்சிருக்கிற வரைக்கும்தான் இது பாறை. சாய்வா வெட்டச் சொல்லுங்க.”

“கடப்பாரையே இறங்கலையே?” என்றேன்.

“மழை கடப்பாரை எடுத்துக்கிட்டா சார் வரும்?”

முதல் பெருமழையில் அந்தச் செங்குத்து வெட்டு சரிந்தது. குடிசையில் சோறு வடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் மண்ணுக்குள் போனாள்.

இன்ஜினியரை முன்பே எச்சரித்தாரா என்று விசாரணையில் அவரைக் கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினார், என்னைப் பார்க்காமல்.

எனக்காகச் சொன்னாரா, தன் வேலைக்குப் பயந்தா, இன்றுவரை தெரியவில்லை. அடுத்த நாற்காலியில்தான் இருந்தேன். “எச்சரித்தார்” என்று நான் சொல்லியிருக்கலாம்.