சொந்த உபயோகத்திற்குப் பயன்படுத்துவேன்

வேன் வாங்கப் போனபோது அத்தான் என்னையும் கூட்டிப்போனார். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவர் வேலை பார்த்த நூற்பாலை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூடப்பட்டது. மிஞ்சியது பாளையங்கோட்டையில் அவருடைய அப்பா விட்டுப்போன வீடும் நன்றாக வண்டி ஓட்டும் கையும்தான். திருச்செந்தூருக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் ஆள் ஏற்றிப் பிழைக்கலாம் என்று முடிவு செய்திருந்தார். நான் ஒரு நாளிதழின் திருநெல்வேலிப் பதிப்பில் உதவியாசிரியராக இருந்தேன். நிருபர்கள் அனுப்பும் செய்திகளில் பிழை பார்ப்பது என் வேலை. காகிதம் படிக்கத் தெரிந்தவன் என்பதால் எனக்கு அந்த அழைப்பு.

ஷோரூமின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை. கடன், இன்சூரன்ஸ் இரண்டையும் அங்கே ஒரே ஆள் பார்த்தார். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். அவரும் எல்லோரையும் அண்ணாச்சி என்றார்.

அத்தான் எதையும் மறைக்கவில்லை. வாடகைக்கு ஓட்டத்தான் வாங்குவதாகச் சொன்னார். அந்த ஆள் பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார். வாடகை வண்டி என்றால் பெர்மிட் எடுக்க வேண்டும், வரி அதிகம், இன்சூரன்ஸ் அதிகம், கடன் கொடுப்பவர்களும் யோசிப்பார்கள். சொந்த வண்டியாகப் பதிந்தால் நாலு நாளில் சாவி கையில். இந்தச் சாலையில் ஓடும் வேன்களில் முக்கால்வாசி அப்படிப்பட்டவைதான் என்று சில ஊர்களின் பெயரையும் சொன்னார். அதற்குப் பிறகு பேனாவைத் திறந்து, அப்போதுதான் அத்தானை முதன்முதலாகப் பார்ப்பவர் போலக் கேட்டார்.

“வண்டி சொந்தத்துக்குத்தானே அண்ணாச்சி?”

அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். “சொந்தத்துக்குத்தான்.”

பாரத்தில் எழுதியாயிற்று. ஆனால் அதோடு முடியவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியின் மெட்ராஸ் தலைமை அலுவலகத்திலிருந்து புதுச் சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். கேள்வியை வாயால் கேட்க வேண்டும்; பதிலை வாங்குபவர் தன் கையாலேயே எழுதித்தர வேண்டும். எழுதவேண்டிய வாசகம் ஒரு துண்டு அட்டையில் தட்டச்சு செய்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது: ‘இவ்வாகனத்தை என் சொந்த உபயோகத்திற்கு பயன்படுத்துவேன்.’

உபயோகத்திற்குப் பயன்படுத்துவது கூறியது கூறல் என்றேன். இருக்கட்டும், வாசகத்தை மாற்றக் கூடாது என்றார் அவர். அத்தான் பாதி எழுதிவிட்டு நிமிர்ந்து, நடுவில் ‘ப்’ வருமா என்று கேட்டார். வரும் என்றேன். போட்டார்.

“இனி ஓட்டுதது உங்க பாடு. நீங்க சொன்ன பதில்தான் எனக்குத் தெரியும்” என்றபடி அவர் தாளை வாங்கி, மை காயும்வரை விரலால் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக இருந்தார்கள்.

கடன் ஒழுங்காகக் கட்டப்பட்டது. வண்டி ஓடாத நாள் குறைவு. ஏறுகிறவர்களிடம் அத்தான் முதலில் ஒன்றைச் சொல்லிவைப்பார். வழியில் பிரேக் இன்ஸ்பெக்டர் நிறுத்தினால் எல்லோரும் சொந்தக்காரர்கள். வாடகை என்ற சொல் வாயில் வரக்கூடாது. மூத்தவர்களானால் “என்னைத் தம்பின்னு சொல்லிருங்க”, இளையவர்களானால் “அண்ணன்னு சொல்லிருங்க.” பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிடும். ஊர் போய்ச் சேரும்வரை மாமா, சித்தப்பா என்று ஆளுக்கு ஒரு முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு வருவார்கள்.

ஒருமுறை நானும் அந்த வண்டியில் இருந்தேன். செய்துங்கநல்லூர் தாண்டியதும் நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் தலையை உள்ளே நீட்டி, ஒவ்வொருவராகப் பார்த்து, டிரைவர் உங்களுக்கு யார் என்று கேட்டார். தம்பி, அண்ணன், மாமா என்று பதில்கள் வந்தன. அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

“இம்புட்டுச் சொந்தம் எனக்கு இருந்தா நான் எதுக்குவே இந்த வெயில்ல நிக்கேன்? போம்.”

வண்டி கிளம்பியதும் உள்ளே ஒரே சிரிப்பு. அத்தான் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கொஞ்ச தூரம் போனபிறகு என்னிடம் மட்டும் கேட்கும்படி, “ஒண்ணும் ஆகாதவரைக்கும் சரி மாப்ளே” என்றார். ஏதாவது ஆனால் வீடுதான் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஷோரூம் கொடுத்த இன்சூரன்ஸ் தாளின் பின்பக்கத்தை முந்தின வாரம்தான் என்னை வைத்துப் படித்திருந்தார். கூலிக்கு ஆள் ஏற்றினால் இந்தப் பத்திரம் செல்லாது என்று அதில் பொடி எழுத்தில் இருந்தது. பெர்மிட்டுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றவேண்டுமானால் கடனை முதலில் அடைக்கச் சொல்கிறார்களாம்.

கார் பருவ அறுவடை சமயம். ஆற்றங்கரை ஊர்களில் களம் போதாமல் கதிரைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் மிதித்து நெல் உதிரும். ஆழ்வார்திருநகரியை அடுத்து அப்படிப் பரப்பியிருந்த நெல்தாளின் மேல் அத்தான் பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி வழுக்கிக்கொண்டே போய்ச் சாலையோரப் புளியமரத்தில் நின்றது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவரும் அவர் மனைவியும் மட்டும்தான் அன்று பயணிகள். முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சிராய்ப்பு. அந்த அம்மாளுக்கு இடது காலை முழங்காலுக்கு மேலே எடுக்கவேண்டி வந்தது.

நான் விடுப்பில் இருந்தேன். மறுநாள் எங்கள் தாளில் செய்தி வந்தது. ‘உறவினர்களுடன் கோவிலுக்குச் சென்று திரும்பியபோது’ என்று நிருபர் எழுதியிருந்தார். வாக்கியத்தில் பிழை இல்லை.

இரண்டு வாரம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய விசாரணை ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மெட்ராஸ்காரர் என்று எதிர்பார்த்தோம். பேச்சைக் கேட்டால் நம் பக்கம். குடையை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு, முதலில் போஸ்ட்மாஸ்டரை வராந்தாவில் நிறுத்திப் பேசினார். வண்டிக்காரர் தனக்குத் தம்பி முறை, வாடகை எதுவும் தரவில்லை என்றார் போஸ்ட்மாஸ்டர். குரலில் தடுமாற்றம் இல்லை. பிறகு விசாரணை ஆள் உள்ளே வந்தார். நான் அந்த அம்மாளுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தேன். அத்தான் கட்டிலின் கால்மாட்டில், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்காமல் நின்றிருந்தார்.

“இவுக உங்களுக்கு என்ன வேணும்மா?”

“தம்பி.”

“யாருக்குத் தம்பி?”

“எனக்குத்தான்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க வீட்டுக்காரரும் தனக்குத் தம்பின்னு சொல்லுதாரு. அவருக்குத் தம்பின்னா உங்களுக்குக் கொழுந்தன்லா. உங்களுக்குத் தம்பின்னா அவருக்கு மச்சினன். ரெண்டு பேருக்கும் தம்பின்னு நம்ம பக்கத்துல ஒரு முறை உண்டா?”

அந்த அம்மாள் அத்தானைப் பார்த்தார். தான் எங்கே தவறினோம் என்று அவருக்குப் புரியவில்லை. சொல்லச் சொன்னதைத்தான் சொல்லியிருந்தார். காலைப் பறிகொடுத்தும் அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை.

“அப்பம் கொழுந்தன்னு எழுதிக்கிடுங்க” என்றார்.

விசாரணை ஆள் எழுதவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

கம்பெனி கையை விரித்தது. அத்தானும் நானும் ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடி அறைக்காரர் எழுந்து நின்று வரவேற்றார், காப்பி சொன்னார். பிறகு அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து, படிக்க வசதியாக எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அத்தானின் கையெழுத்து. ‘ப்’ கூட இருந்தது.

“நான் கேட்டேன்லா அண்ணாச்சி. நீங்கதான எழுதுனீக?”

அதில் மறுக்க எதுவும் இல்லை. கேட்கவேண்டியதைக் கேட்டிருந்தார், எழுதவைக்க வேண்டியதை எழுதவைத்திருந்தார். வாங்குகிறவன் ஏமாறக்கூடாது என்று மெட்ராஸிலிருந்து வந்த விதி. இம்மி பிசகாமல் நடந்திருந்தது. காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம்.

போஸ்ட்மாஸ்டரின் மகன் வழக்குப் போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அம்மாவின் கால் போயிருந்தது. சில வருடம் கழித்து, இழப்பீட்டை வண்டியின் சொந்தக்காரரே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே தவணை நின்று, கடன் கொடுத்தவர்கள் வேனை இழுத்துப்போயிருந்தார்கள். மிச்சம் வீடுதான்.

ஜப்திக்குக் கோர்ட் அமீனா வந்த காலையில் அத்தான் உள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அமீனா வாசல், ஜன்னல், கிணறு என்று குறித்துக்கொண்டு வந்தார். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

“நீங்க யாரு சார்?”

“தம்பி” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

“யாருக்கு?”