பட்டனுக்கு எடுத்த கையளவு

தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. தான் தைத்த சட்டையில் சுருக்கம் விழுந்தால், போட்டவர்கள் பரவாயில்லை என்றாலும் விடாமல் பிடுங்கிப் பிரித்துத் தைப்பாள். அப்படியொரு பிடிவாதம்.

அந்தப் பிடிவாதம் இப்போது எலியோடு மல்லுக்கு நின்றது. தைத்து அடுக்கியிருந்த துணிகளை எலி கடித்துக் குதறியிருந்தது. கணவர் தையல் மெஷினுக்கு அடியில் எலிப்பொறி வைத்தார். அதில் காலை வைத்தது அவள் வளர்க்கும் பூனை, பட்டன். ஒரு விரல் போயிற்று. அவள் அழுத அழுகைக்கு அளவில்லை.

"பொறியும் வேணாம், ஒண்ணும் வேணாம். மருந்து வெச்சிடலாம்," என்றார் கணவர்.

"மருந்து தின்ன எலிய இவன் தின்னா?"

"ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் மருந்துதான்."

எலியை ஒழிக்க வேண்டும்; பட்டனுக்கு ஒரு கீறலும் விழக்கூடாது. அவள் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, பூனைத் தலை நுழையாத ஓட்டை போட்டு, உள்ளே பொறியை வைத்தாள். நல்லவேளை, பொறியின் வில்கம்பியை இன்னும் இழுத்து மாட்டவில்லை. பட்டன் ஒய்யாரமாக வந்தான். முன்னங்காலைத் தோள்வரை விட்டுத் துழாவி, பொறியிலிருந்த ரொட்டித் துண்டை எடுத்துத் தின்றான்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கழுத்தளவ எடுத்துட்டுக் கையளவ விட்டுட்டேனே! இதே சட்டையா இருந்தா ஊரே சிரிச்சிருக்கும்."

உடனே டேப்பை எடுத்தாள். பட்டன் சீறினான், பிறாண்டினான். விடுவாளா? தோளிலிருந்து நகம்வரை அளந்தாள். தையலுக்குத் துணி விடுவதுபோல அதற்கு மேலும் தாராளமாக விட்டு, நீளமான பெட்டி ஒன்றை அடித்தாள். பொறி கடைக்கோடியில். பூனை புரட்டிவிடாதிருக்க, பெட்டிமேல் பழைய இஸ்திரிப் பெட்டி.

இரண்டு நாள் எலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் மருந்துப் பொட்டலத்தோடு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டது.

இருவரும் ஓடினார்கள். ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டபடி பட்டன் அசையாமல் கிடந்தான்.

"ஐயோ, என் தங்கமே!"

வாரி எடுத்தாள். கை சுளுவாக வெளியே வந்தது. தூக்கியதில் அவனுக்கு மகா கோபம். அவள் மிச்சமிருந்த விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எலி மாட்டிச்சா?" என்றார் கணவர்.

"அத நான் எங்க பாத்தேன்? நீங்க பாருங்க."

அவர் இஸ்திரிப் பெட்டியை இறக்கிவைத்துப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, மருந்தைத் திருப்பிக் கொடுக்கச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.