கம்பி கட்டிய லீவர்

வத்தலக்குண்டில் நான் வண்டியைப் பழுதுபார்க்க விட்ட மெக்கானிக், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கியரின் பற்களை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை எண்ணுவார். பூண்டு மூட்டைகளோடு மேடேறத் திணறிய நாலு சக்கரமும் இழுக்கும் என் ஃபோர் வீல் பிக்கப்புக்கு, பின் அச்சில் அதிகப் பல் உள்ள கிரவுன் சக்கரத்தைப் போட்டார். முன் அச்சுக்கு உரியது இன்னும் வரவில்லை. நான் பொறுக்காமல் வண்டியைக் கேட்டேன்.

"முன்னாடியும் மாத்துறவரைக்கும் ஃபோர் வீல் போட்றாதீங்க. முன்னுக்கு ஒரு வேகம், பின்னுக்கு ஒரு வேகமா இழுத்து ஒடைச்சுப்புடும்" என்றவர், ஃபோர் வீல் போடும் லீவரை நகராதபடி கம்பியால் கட்டினார்.

"நான் போட மாட்டேங்க."

"இப்பச் சொல்லுவீங்க. சேத்துல மாட்டுனா கை சும்மா கெடக்காதுங்க."

பூம்பாறைச் சரிவில் மழை. பின் சக்கரங்கள் சேற்றில் வெறுமனே சுழன்றன. கை தானாக லீவருக்குப் போனது, கம்பி தடுத்தது. இழுத்துவிட டிராக்டர் வரும்வரை செய்ய ஒன்றுமில்லை. கம்பியின் சுற்றுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். இரண்டு முறை.