பெட்டியோடு வந்த இலவசம்

செகந்திராபாத் கணினிக் கடைகளில் ஹைமாவதி படியேறுவதைப் பார்த்தாலே கடைக்காரர்கள் விலைப்பட்டியலை ஒளித்துவைப்பார்கள். அப்படிப் பேரம் பேசுவாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டியே தனியொருத்தியாக வீட்டைத் தூக்கி நிறுத்தியவள், வேறெப்படி இருப்பாள்?

பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதிலிருந்து கழற்றிய டிஸ்க் கைப்பையில் இருந்தது. அதில் ஸ்ரவந்தி என்ற வாடிக்கைக்காரப் பெண்ணின் கல்யாண வீடியோ, இன்னும் வெட்டி ஒட்டிக் கொடுக்காதது. தாலி கட்டிய நாலாம் மாதமே மாப்பிள்ளை லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று; வேறு பிரதி கிடையாது.

பிராசசர், மெமரி, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் நல்லதாகவே பொறுக்கினாள். கையிருப்பு கரைந்த இடத்தில் வந்து நின்றது எஸ்.எம்.பி.எஸ்., எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற டப்பா.

"கேபினெட்டோட ஒண்ணு ஃப்ரீயா வருதே யாதகிரி, அதையே மாட்டு."

"அக்கா, அது சும்மா டைப் அடிக்கிறவங்களுக்கு. இந்தக் கார்டை அது தாங்காது. வெடிச்சா தனியாப் போகாது, டிஸ்க்கையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்."

"நல்லா பயமுறுத்துறே! உன் பொண்ணு கல்யாணச் செலவை என் தலையிலயே கட்டிடுவே போல."

யாதகிரி சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, பழைய டிஸ்க்கையும் அந்த இலவச டப்பாவையும் மாட்டிக் கொடுத்தான்.

மெஷின் பறந்தது. சில நாளில் லேசாக ஒரு வாடை, ரப்பர் தீய்கிற மாதிரி. ஜன்னலைத் திறந்துவைத்தாள். அப்புறம் ஊதுபத்தி கொளுத்தினாள். வேலை ஏறும்போதெல்லாம் திரை ஒருமுறை அணைந்து எரியும், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிரதி எடுக்க இன்னொரு டிஸ்க் வேண்டும், அடுத்த பணம் வரட்டும் என்று தள்ளிப்போட்டாள். அவள்மேல் கோபம் வருவது இங்கேதான். ஆபத்து அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரவந்தி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. அப்பன் போன பிறகு பிறந்தவன்.

"இவன் அவர் குரலையே கேட்டதில்லக்கா. பாட்டெல்லாம் சேர்க்க வேணாம். அவர் பேசுறது இருந்தாப் போதும்."

"இதோ, ஒரு நிமிஷம்மா."

சுவிட்சைத் தட்டினாள். பெட்டிக்குள் பட்டாசுச் சத்தம். புகை. குழந்தை வீறிட்டது. ஹைமாவதி கேபினெட்டைத் திறந்தாள். இலவச டப்பாவோடு சேர்ந்து டிஸ்க்கின் அடிப்பலகையும் கருகிக் கிடந்தது.

"அய்யோ அக்கா, புது மெஷினாச்சே! பாவம், உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்!" ஸ்ரவந்தி அவள் தோளைத் தொட்டாள். "எனக்கு அவசரமில்ல. சரி பண்ணி வைங்க, அடுத்த வாரம் வர்றேன்."

ஹைமாவதி திரும்பாமலே, "வாம்மா" என்றாள்.