முந்தானையில் முடிந்த மூன்று பற்கள்

எங்கள் வீட்டு அடிபம்பின் கைப்பிடி என் வாயில் அடித்தது ஓர் ஆடி மாதக் காலையில். ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்காலெல்லாம் நிறைந்திருந்த சமயம். பம்பின் ஆணி தேய்ந்திருப்பது எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் ஊருக்கு வந்து மாற்றட்டும் என்று விட்டிருந்தேன். ஒரு கையால் அடித்துக்கொண்டே மறு கையால் குடத்தை நகர்த்தக் குனிந்தேன். ஆணி ஒடிந்து கைப்பிடி எகிறியது. மேல்வரிசையில் முன்பல் இரண்டு அங்கேயே விழுந்தன. மூன்றாவது பாதியில் ஒடிந்து, வேர் மட்டும் உள்ளே நின்றுவிட்டது. விழுந்த பல்லைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு, மாதாவே, இதை அவரிடம் எப்படிச் சொல்வேன் என்றுதான் முதலில் நினைத்தேன். வலி அப்புறம்தான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் அப்போது மஸ்கட்டில் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே எங்கள் தெரு. ஓலையும் ஓடும் போய் ஒவ்வொரு வீடாகத் தளம் ஏறிக்கொண்டிருந்தது. அவர் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் அனுப்பிய பணத்தில் எங்கள் வீட்டுக்கும் சுவர் எழுந்து, தளம் போட வேண்டியதுதான் பாக்கி.

கடிதத்தைவிட எங்களுக்குக் கேசட்தான் பழக்கம். நானும் பிள்ளைகளும் பேசிப் பதிவு செய்து, விடுமுறை முடிந்து போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். அவர் அதைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே தான் பேசித் திருப்பி அனுப்புவார். ஒரே கேசட் ஆறேழு தடவை கடல் தாண்டிப் போய் வரும்.

ஆவணியில் தளம் போட்ட மறுநாள் கேசட்டில் பேசினேன். சந்தோஷத்தில் பல்லை மறந்துவிட்டேன். பேசி முடித்துப் போட்டுக் கேட்டால், சிமெண்ட்டு, செங்கல் என்று சொல்லுமிடமெல்லாம் காற்றுதான் வருகிறது, குக்கர் விசில் மாதிரி. என் ஓரகத்தி, கொழுந்தனார் சம்சாரம், விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, மச்சான் இதக் கேட்டா வீட்ல பாம்பு பூந்துருச்சுன்னு பயந்துருவாருக்கா!"

"வாய மூடுடி. சளின்னு சொல்லிக்கிறேன்."

சளி என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்துப் பேசி அனுப்பினேன். அந்தக் கேசட் திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. தை பிறப்பதற்குள் ஊருக்கு வருகிறேன், பூச்சு வேலைக்குப் பணம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். கேசட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபமோ என்று அந்தக் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். மூன்று வருஷம் கழித்து வருகிற மனிதர் முன்னால் இந்த வாயோடு எப்படி நிற்பது? அதுவரை யார் வந்தாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசிப் பழகியிருந்தேன்.

தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். பல் டாக்டர் என்னைவிடப் பத்து வயது சிறிய பெண். வாயைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள்.

"மூணு விதமா பண்ணலாம்மா. பிளாஸ்டிக் தகடு வச்சுக் கழட்டி மாட்டுறது, அறுநூறு ஆகும். அதையே மெட்டல் தகட்டுல பண்ணா மூவாயிரம். கழட்டவே வேணாம், நிரந்தரமாக் கட்டணும்னா அதுக்கும் மேல. அதுக்குப் பக்கத்துல இருக்குற நல்ல பல்ல ராவணும்."

"அறுநூறுக்கும் மூவாயிரத்துக்கும் பல்லு ஒண்ணுதானேம்மா?"

"பல்லு ஒண்ணுதான். அதப் பிடிச்சு நிக்கிறதுதான் வேற. பிளாஸ்டிக் அண்ணம் முழுக்க மூடும். ஈறு வத்த வத்தத் தளரும். கம்பி பக்கத்துப் பல்லப் பிடிச்சு இழுக்கும். பாத்துப் பொழங்கணும்."

எனக்கு அப்போது கணக்கெல்லாம் சிமெண்ட் மூட்டையில்தான் ஓடும். அறுநூறு என்றால் ஐந்து மூட்டை. மூவாயிரம் என்றால் இருபத்தைந்து. இருபத்தைந்து மூட்டையை வாயில் வைத்துக்கொண்டு திரிவதா? பிளாஸ்டிக்கே போதும் என்றேன்.

ஐந்து மூட்டையோடு முடியவில்லை. வேரைப் பிடுங்கத் தனியாகக் கொடுத்தேன். ஈறு ஆற ஒரு மாதம் காத்திருந்தேன். அச்செடுக்க ஒரு நாள், மெழுகில் வைத்துப் பார்க்க ஒரு நாள், மாட்ட ஒரு நாள், உராய்ந்து புண்ணானதால் தேய்த்துவர இன்னொரு நாள். ஒவ்வொரு தடவையும் பஸ் காசு. நடவு நேரம் வேறு. நான் வயலுக்குப் போகாத நாளுக்கெல்லாம் ஆள் விட வேண்டியிருந்தது. கார்த்திகையில் ஒருவழியாக மூன்று பல்லும் வாய்க்கு வந்தன. கண்ணாடியில் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. பழைய நான் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கோயிலில்தான் புதுச் சங்கடம். பூசையில் நன்மை வாங்கும்போது, ஆண்டவரின் உடலாகத் தரும் அந்த அப்பத்தில் பல் படக்கூடாது, நாக்கில் கரைத்துத்தான் விழுங்க வேண்டும் என்று சின்ன வயதில் கன்னியர் சொல்லித் தந்தது. புதுப் பல்லோடு போன முதல் ஞாயிறு அப்பம் அந்தத் தகட்டில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளினாலும் வரவில்லை. விரலால் எடுப்பதோ பெரும் பாவம். ஆண்டவர் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று பூசை முடியும்வரை எச்சிலைக் கூட்டிக் கூட்டிக் கரைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். நன்மைக்கு எழுந்திருக்கும் முன் முக்காட்டுக்குள் குனிந்து பல் செட்டைக் கழற்றி, சில்லறை முடிவதுபோல முந்தானை நுனியில் முடிந்துகொள்வேன். திரும்பி வந்து முழங்காலில் நிற்கும்போது அவிழ்த்து வாயில் வைத்து, ஒரே கடியாகக் கடித்து உட்கார வைப்பேன். கடித்து மாட்டாதீர்கள், விரலால் அழுத்துங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கோயிலில் கண்ணாடியா இருக்கிறது? சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெட்கம்.

அவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினார். கறுத்து, இளைத்து, கழுத்தில் மட்டும் அதே மாதா பதக்கம். தெருவே கூடிவிட்டது. நான் சிரித்தேன். அவர் என் வாயைப் பார்த்தார். முறுக்கை நான் கிள்ளிக் கிள்ளித் தின்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து ஒரு பாரின் சேலையை எடுத்து மடியில் போட்டார். ரோஸ் நிறத்தில் வழுவழுவென்று தண்ணீர் மாதிரி ஓடும் சேலை.

"நாளைக்குப் பூசைக்கு இதத்தான் கட்டிக்கணும்."

மறுநாள் அதைத்தான் கட்டினேன். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வழக்கம்போல் கழற்றினேன், முடிந்தேன், போனேன், நன்மை வாங்கினேன், வந்தேன். முழங்காலில் நின்று முந்தானை நுனியைத் தேடினால் முடிச்சே இல்லை. நூல் சேலையில் நிற்கிற முடிச்சு அந்த வழவழப்பில் நிற்கவில்லை. ஜெபம் மறந்துபோனது. காலடியில், பாயில், ஓரகத்தியின் மடியில் என்று கண்ணால் தேடினேன்.

பூசை முடிவில் உபதேசியார் அறிவிப்புக்கு எழுந்தார்.

"நன்மை வாங்குற கிராதிகிட்ட ஒரு பொருள் கெடந்துச்சு. சாவி இல்ல, தோடும் இல்ல." கைக்குட்டையை விரித்தார். "பல்லு. மூணு பல்லு, கம்பியோட. யாருதுன்னு சொல்லி வாங்கிக்கிங்க."

கோயிலே சிரித்தது. சாமியாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓரகத்தி என் விலாவில் இடித்தாள்.

"அக்கா, உங்களுதாக்கா?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பதில் தெரிந்துவிடும். எழுந்து போய் வாங்கினால் தெரு முழுக்க என் வாயைப் பார்க்கும், அவரும் பார்ப்பார். போகாவிட்டால் மூன்று மாத அலைச்சலும் போகும், வீட்டுக்குப் போனதும் எப்படியும் தெரியும். தலையைக் குனிந்தபடி இருந்தேன்.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"என்னுதுங்க."

என் வீட்டுக்காரர் எழுந்து நேராக நடந்துபோய்க் கையை நீட்டினார். உபதேசியார் அவர் வாயையும் பல் செட்டையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பத்திரண்டும் அப்படியே இருக்கிற மனிதர்.

"என்ன மாப்ள, மஸ்கட்ல பல்லும் போச்சா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"ஒட்டகம் முட்டிருச்சு மாமா. ஸ்பேரு ஒண்ணு வச்சிருக்கேன்."

மறுபடி ஒரே சிரிப்பு. அதற்குள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கைக்குட்டையை என் முன்னால் வைத்தார். நான் அழுதேன்.

"கோயில்ல நின்னு பொய் சொல்லிட்டீங்களே."

"அடுத்த வாரம் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன். நீ மூணு வருஷத்துக்கு ஒருதரம் வர்றவன்கிட்ட மறச்சியே, அத எங்க போய்ச் சொல்லப் போற?"

எழுந்து பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். திரும்பி வராத அதே கேசட்.

"சளியாம் சளி. முதல் தடவ கேட்டப்பவே தெரிஞ்சுது. இது மேல பேச மனசு வரல, அப்படியே வச்சுட்டேன். நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன்." அப்புறம் அண்ணாந்து புதுத் தளத்தைப் பார்த்தார். "ஏ புள்ள, பல்லக் கட்டாம இதக் கட்டிட்டியே, இதுல எந்தப் பக்கம் ஒன் பல்லு இருக்கு? காட்டு, அதுக்கு நேரா நான் படுக்க மாட்டேன்."

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், பம்பு ஆணியிலிருந்து அப்பம் ஒட்டிக்கொண்டது வரை. பேசப் பேச விசில் வந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் இருவருமாகப் போய்ச் சாமியாரைப் பார்த்தோம். நான் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு அவர் சிரித்தார்.

"ஏம்மா, ஆண்டவர் பல்லுக்கா வர்றாரு, ஒனக்கு வர்றாரு. அது ஒட்டுனா ஒரு வாய் தண்ணி குடி, கரைஞ்சுரும். இதுக்கா இத்தன நாள் கழட்டி மாட்டுன?"

தஞ்சாவூரில் டாக்டர் சிரிக்கவில்லை. கடித்துக் கடித்து மாட்டியதில் கம்பி வளைந்திருந்தது. கோயில் தரையில் விழுந்ததில் தகட்டில் கீறல். கம்பி பிடித்திருந்த பக்கத்துப் பல்லும் லேசாக ஆடியது. ஐந்து மூட்டை என்று நான் நினைத்த பல் செட்டுக்கு அந்த நல்ல பல்லும் சேர்ந்ததுதான் விலை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆடுறது நிக்குமாம்மா?" என்று கூடவே வந்திருந்த என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இப்பவே கவனிச்சா நிக்கலாம். மறுபடி பிளாஸ்டிக்கே போட்டு இப்படியே பொழங்குனாங்கன்னா அதுவும் போயிரும்."

"அப்ப மெட்டல்லயே போட்ருங்க."

"வேணாங்க. பூச்சு வேல இருக்கு," என்றேன்.

"பூச்சு நாலு பக்கமும் இருக்கணும்னு எவன் சொன்னான்? மூணு பக்கம் போதும். பின்சுவத்த யாரு பாக்குறா, வாழைமரந்தானே பாக்குது." டாக்டரிடம் திரும்பினார். "கம்பி கட்டுறவன் நான். மேல எத்தன சிமெண்டக் கொட்டினாலும் உள்ள கம்பி சரியில்லன்னா நிக்காதும்மா. நல்லதாவே போடுங்க."

மாசியில் அவர் விமானம் ஏறுவதற்கு நான்கு நாள் முன்பு மெட்டல் செட் வந்தது. மெல்லியது. அண்ணம் திறந்திருந்தது. சோற்றின் சூடும் ருசியும் மறுபடி தெரிந்தன. அந்த ஞாயிறு செட்டைக் கழற்றாமலே நன்மை வாங்கினேன். அவர் போன பிறகு முதல் கேசட்டில் மூச்சு விடாமல் ஒரு பக்கம் முழுக்கப் பேசி அனுப்பினேன். பழைய விசில் நன்றாக இருந்தது, இப்போது ரேடியோவில் செய்தி படிப்பது மாதிரி இருக்கிறது என்று பதில் வந்தது.

அவர் ஊரோடு வந்து வெகுகாலம் ஆகிறது. அந்தப் பக்கத்துப் பல் பல வருஷம் நின்று, போன வருஷம்தான் விழுந்தது. பேரப்பிள்ளைகள் பேசுவதெல்லாம் போனில் முகம் பார்த்துத்தான். எதையும் மறைக்க வழியில்லை. அந்த விசில் கேசட் அலமாரியில் இருக்கிறது, போட்டுக் கேட்கத்தான் டேப் பெட்டி இல்லை.

பின்சுவர் இன்னும் பூசவில்லை. மழைக்குச் செங்கல் கொஞ்சம் பொரிந்திருக்கிறது. மகன் இரண்டு முறை ஆள் கூட்டி வந்தான், இவர் திருப்பி அனுப்பிவிட்டார். காலையில் வாழைக்குத் தண்ணீர் விடும்போது அந்தச் சுவரைத் தட்டி மகனிடம், "இதாண்டா ஒங்க அம்மா பல்லு," என்பார். நான் அடுப்படியிலிருந்து சிரிப்பேன், வாயைப் பொத்தாமல்.