உப்புப் போடும் முன்பு

மருமகள் கவிதாவின் கையில் சுற்றியிருந்த பிரஷர் மிஷின் புஸ்ஸென்று காற்றை விட்டது. இன்றும் அளவு ஏறித்தான் இருந்தது.

“அதுக்காக உப்பில்லாம ஒண்ணு, உப்போட ஒண்ணுன்னு தினம் ரெண்டு சாம்பாரா வைக்க முடியும்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ கவி” என்றான் என் மகன், போனைப் பார்த்தபடியே.

சின்ன வயதில் எங்கள் ஈரோட்டு வீட்டிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு என்றதும், உப்புப் போடும் முன்பே அவருக்கு ஒரு கிண்ணம் குழம்பை அம்மா எடுத்து வைத்துவிடுவாள். ஒரு நாளும் தவறியதில்லை. பிறகு அம்மாவுக்கும் கொதிப்பு வந்தது.

“கடைசியா உக்கார்றவளுக்குத் தனியா என்ன? இருக்கறதைத் தின்னு” என்றாள் எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா. அப்பா தன் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார். சட்டியின் அடியில் சுண்டிக் கிடந்த குழம்பைத்தான் அம்மா தின்றாள், உப்புக் கரிக்கக் கரிக்க. ஒரு காலையில் அவள் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அந்தக் கை பிறகு எழவே இல்லை. அப்பாவின் மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை.

அமெரிக்காவுக்கு, இந்த மில்பிடாஸ் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் மகனை எதிர்த்துப் பேசியதில்லை. இன்று கவிதா சாம்பாருக்கு உப்பு டப்பாவைத் திறந்ததும் அதை வாங்கி, அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இனிமே சாம்பார் ஒண்ணுதான், அவளுக்கு வைக்கிறது. வேணும்னா நீ தனியா போட்டுக்கோ.”