சாப்பிட்டுச்சா?

உறைந்த எலியை ஜாம் பாட்டிலில் போட்டு, மேலே வெந்நீர் ஊற்றுகிறார் தூனிஸ். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் இதுதான் வேலை. அது இளகும்வரை பக்கத்திலேயே நின்று ரொட்டியில் சீஸ் வைத்துத் தின்பார். எலி இருந்த ஃப்ரீசரில்தான் பட்டாணியும் இருக்கிறது. "ரெண்டும் தனித்தனிப் பையிலதான இருக்கு, என்ன இப்ப?" என்பார்.

மெப்பெல் ஊரில் தெருவுக்குச் செங்கல் பாவுகிற ஆள். காலமெல்லாம் மண்டி போட்டே இரண்டு முட்டியும் காய்த்துவிட்டன. கை ஒவ்வொன்றும் மண்வெட்டி அகலம். அந்தக் கையால் இடுக்கியில் எலியைப் பிடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஆட்டுவதைப் பார்க்கவேண்டும். தொட்டில் குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிறவர்கூட அவ்வளவு பதமாக ஆட்டமாட்டார். "வாங்க முதலாளி, ஒரு வாய்."

முதலாளி ஒன்றரை முழ மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் புதைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்கிற ஜாதி. வந்த நாளிலிருந்து பந்துதான்.

பாம்பு வளர்க்கிற ஆசை அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஆசைப்பட்டது மகள் யோரின்தான். சின்ன வயசில் அவள் கேட்டபோது, "அது உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்றார். கடைசியில் வெளியே போனது அவளும் அவள் அம்மாவும். இப்போது நார்வேயில் இருக்கிறாள். பிறந்தநாளுக்குப் போனில் ஒரு பூப்படம் வரும், அவ்வளவுதான். இலை உதிர்கிற காலத்தில் பாம்பை வாங்கிப் படம் எடுத்து அனுப்பினார். கையிலிருந்த ரொட்டியைத் தின்று முடிப்பதற்குள் பதில் வந்தது. "நிஜமாவாப்பா? சாப்பிட்டுச்சா?"

"இல்ல" என்று அனுப்பினார். அடுத்த சனிக்கிழமையும் கேட்டாள். அதற்கடுத்த சனிக்கிழமையும். ஒவ்வொரு தடவையும் ஒரு யோசனை சொன்னாள்: எலி மண்டைய சூடாக்கு, தலை உலர்த்துற மெஷின வை. சும்மா சும்மா கையில எடுக்காத. தண்ணிய மாத்து. எல்லாம் செய்தார். பாம்பு வாய் திறக்கவில்லை. முதுகெலும்பு மேடு தட்ட ஆரம்பித்தது. மண்டி போட்டுக் கல் பதிக்கும்போதும் இதே நினைப்பு. செத்துவிட்டால் அவளுக்கு என்ன பதில் சொல்வது? சரி, சாப்பிட்டுவிட்டால் மட்டும்? அப்புறம் கேட்பதற்கு அவளுக்கு என்ன இருக்கும்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளே போன் செய்தாள். குரல் அவள் அம்மா குரலாகவே மாறியிருந்தது.

"பெட்டிய எங்கப்பா வச்சிருக்க?"

"முன்னறை ஜன்னல்ல. வேற எங்க வைப்பாங்க?"

"தெருவே பாக்குமேப்பா. போறவன் வர்றவன் எல்லாம் பாத்தா நீ சாப்பிடுவியா?"

"நான் சாப்பிடுறேனே. பக்கத்து வீட்டு க்ரீட்யே தெனம் பாக்குறா."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு ஓயட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

"ஒளிஞ்சுக்க இடம் குடுப்பா. மொதல்ல ஜன்னலுக்குத் திரை போடு."

திரை என்பது அங்கே லேசான காரியம் இல்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டு முன்னறையும் தெருவுக்குத் திறந்தே கிடக்கும். பட்டப்பகலில் திரை இழுத்திருந்தால் உள்ளே சாவு என்று அர்த்தம். தூனிஸ் வீட்டில் திரையே கிடையாது. மாடியிலிருந்து யோரினின் பழைய மெத்தை உறையைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு ஆணி அடித்தார். பெட்டிக்கு மூன்று பக்கமும் அட்டை ஒட்டினார். பூந்தொட்டி ஒன்றின் விளிம்பில் வாசல் மாதிரி உடைத்து, உள்ளே கவிழ்த்தார். சுத்தியலைக் கீழே வைப்பதற்குள் வாசல் மணி அடித்தது. க்ரீட்யே, கையில் சூப் சட்டி.

"யாரு தூனிஸ், போனது?"

"யாரும் போகல. பாம்பு சாப்பிடணும்."

"பாம்புக்கா திரை போட்ட? நான் கறுப்புச் சட்டை தேடி மாட்டிக்கிட்டு வந்திருக்கேன்."

"சரி, சூப்ப வச்சிட்டுப் போ."

"அது பொணம் இருக்கிற வீட்டுக்கு" என்று சட்டியோடு திரும்பிப் போய்விட்டாள்.

வெளிச்சம் மங்கியது. எலியைத் தொட்டிவாசலில் ஆட்டினார். முதலில் நாக்கு மட்டும் வந்தது. பிறகு தலை. பிறகு என்ன நடந்தது என்று கண் பிடிப்பதற்குள் இடுக்கி காலி. உள்ளே எலியைச் சுற்றி இறுகிக்கொண்டிருந்தது பாம்பு. தூனிஸ் மூச்சு விடாமல் தரையில் உட்கார்ந்தார். எலியின் வால் நுனி பாம்பின் வாய்க்குள் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு போனை எடுத்து, "சாப்பிட்டுச்சு" என்று எழுதினார். அனுப்பவில்லை. அந்த ஒரு சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தடித்த கட்டைவிரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, பக்கத்தில் இன்னொரு வரி சேர்த்தார்: "அடுத்தது எப்பம்மா குடுக்கணும்?"